கரன்ட் வெச்சு நியூரல் ஸ்டெம் செல்லை வழிநடத்த முடியுமா? அடிக்கடி கேட்கிற கேள்விகள்

"மூளைல லேசா கரன்ட் விட்டு ஸ்டெம் செல்லை அடிபட்ட இடத்துக்கே கூட்டிட்டுப் போறாங்களாம்"னு ஒரு செய்தி வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவையாவது சுத்துது. அதைப் பார்த்துட்டு பக்கவாதம் வந்தவங்க வீட்லயும் தண்டுவடம் அடிபட்டவங்க வீட்லயும் கிட்டத்தட்ட ஒரே கேள்விங்களைத்தான் கேக்குறாங்க, அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல போட்டுடலாம்னு. சில கேள்விக்கு பதில் நீளமா போகும், சிலதுக்கு ரெண்டு வரிதான்.

நியூரல் ஸ்டெம் செல்னா என்ன?

நான் இன்னதாத்தான் ஆவேன்னு இன்னும் முடிவு பண்ணாத மூளை செல். பிரிஞ்சு தன்னை மாதிரியே இன்னொண்ணை உண்டாக்கும், இல்லன்னா நியூரானா, அதாவது சிக்னல் அனுப்புற நரம்பு செல்லா மாறும், நியூரானுக்குத் துணையா இருக்கிற ஆஸ்ட்ரோசைட்டா மாறும், நரம்பு இழை மேல மயலின் உறை சுத்துற ஆலிகோடென்ட்ரோசைட்டாவும் மாறும். வளந்தவங்க மூளைல புது நியூரான் பொறக்கவே பொறக்காதுன்னுதான் ரொம்ப காலம் பாடம் நடத்துனாங்க. 1960கள்ல ஜோசப் ஆல்ட்மன் எலி மூளைல பொறக்குதுய்யான்னு காட்டுனாரு, பெருசா யாரும் கண்டுக்கல. 1992ல கனடா கால்கரில ரெனால்ட்ஸும் வைஸும் வளந்த சுண்டெலி மூளைலருந்து இந்த செல்லை எடுத்து டிஷ்ல வளத்துக் காட்டுன பிறகுதான் எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க.

எலி மூளைல இதுக்கு ரெண்டு முக்கியமான இடம் உண்டு. மூளைக்கு நடுவுல திரவம் நிக்கிற வென்ட்ரிக்கிள்னு அறை இருக்கில்ல, அதோட சுவரை ஒட்டி ஒண்ணு, ஞாபகத்துக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ்ங்கிற பகுதில ஒண்ணு. சுவரை ஒட்டிப் பொறக்கிற செல்லுங்க வரிசையா நகர்ந்து நகர்ந்து முன்பக்கம் வாசனைய உணர்ற பகுதி வரைக்கும் போகும். இந்தப் பாதைய ஞாபகம் வெச்சுக்கோங்க, கீழ வர முக்கியமான சோதனை இதுலதான் நடந்துச்சு. வளந்த மனுஷங்களுக்கு இது எவ்வளவு நடக்குதுங்கிறது இன்னும் சண்டையாத்தான் இருக்கு. 2018ல ஒரே வருஷத்துல ஒரு குழு ஹிப்போகேம்பஸ்ல கிட்டத்தட்ட இல்லவே இல்லன்னுச்சு, இன்னொரு குழு வயசானவங்களுக்குக்கூட இருக்குன்னுச்சு.

சரி, இதுக்கும் கரன்டுக்கும் என்ன சம்பந்தம்?

உடம்புக்குள்ள கரன்ட் ஏற்கனவே இருக்குங்க, வெளியிலருந்து புதுசா கொண்டு வந்த விஷயம் இல்ல. 1843லயே ஜெர்மனில எமில் டு புவா-ரேமண்ட் தன் விரலைத் தானே வெட்டிக்கிட்டு காயத்துலருந்து கரன்ட் வர்றதை அளந்து பாத்துட்டாரு. தோல் சோடியம் அயனை உள்ள தள்ளிக்கிட்டே இருக்கிறதால தோலுக்கு உள்ள ஒரு வோல்டேஜ், வெளிய ஒரு வோல்டேஜ். வெட்டுப்பட்டா அந்த இடத்துல லீக் ஆகி, காயத்தோட விளிம்புல ஒரு மின்புலம் உண்டாகும், அளவு ஒரு மில்லிமீட்டருக்கு நூறு மில்லிவோல்ட் சுமாருக்கு வரும். சுத்தி இருக்கிற செல்லுங்க அந்தத் திசையப் பாத்து காயத்தை மூட வரும். மின் ஜாவோங்கிற விஞ்ஞானியோட குழு 2006ல இதுக்குப் பின்னாடி எந்த ஜீனெல்லாம் இருக்குன்னு காட்டுச்சு, அதுக்கப்புறம்தான் "இதெல்லாம் சும்மா பழைய கதை"ன்னு ஒதுக்கறது குறைஞ்சுது.

நரம்பு கதையும் பழசுதான். 1979ல ஜாஃபேவும் மு-மிங் பூவும் கோழிக்கரு நரம்பு இழைங்க கேத்தோடு பக்கம், அதாவது நெகட்டிவ் பக்கம், வேகமா வளருதுன்னு பதிவு பண்ணாங்க. எலி மூளைல நான் மேல சொன்ன அந்தப் பாதைலயே இயற்கையா ஒரு மின்சாரம் ஓடுது, செல்லுங்க போற திசைக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கலாம்னு ஜாவோ குழு 2013ல எழுதுச்சு. ஆக நாம வெளியிலருந்து கரன்ட் குடுக்கிறது செல்லுக்குத் தெரியாத பாஷை இல்ல.

செல்லுக்கு கண்ணா காதா, எந்தப் பக்கம்னு எப்படித் தெரியுது?

செல்லோட சவ்வு நல்ல இன்சுலேட்டர், அதனால வெளிய குடுக்கிற சின்ன மின்புலம் உள்ள பெருசா போகவே போகாது. நடக்கிறதெல்லாம் மேற்பரப்புலதான். சவ்வுல மிதக்கிற, வெளியிலருந்து வர்ற சிக்னலை வாங்குற ரிசெப்டர் புரோட்டீன்களுக்கு சார்ஜ் இருக்கு, புலம் இழுக்க இழுக்க அதுங்க மெதுவா ஒரு பக்கமா போய் சேரும், ஓடுற பஸ்ல சடன் பிரேக் போட்டா ஜனம் மொத்தமா முன்பக்கம் சாயற மாதிரி. ஒரு பக்கம் ரிசெப்டர் கூடுதலா இருந்தா அந்தப் பக்கம் சிக்னலும் கூடுதல், செல் அந்தப் பக்கத்தையே முன்பக்கம்னு எடுத்துக்கிட்டு காலை நீட்டும். 10 மைக்ரோமீட்டர் செல்லுக்கு, மில்லிமீட்டருக்கு 100 மில்லிவோல்ட் குடுத்தா, இந்த முனைக்கும் அந்த முனைக்கும் வித்தியாசம் வெறும் 1 மில்லிவோல்ட். அதையும் அது கண்டுபுடிக்குது பாருங்க, எனக்கு இந்த மொத்த விஷயத்துலயே பிடிச்சது இந்த இடம்தான்.

லேப்ல இதை எப்படிப் பண்றாங்க? டிஷ்ல ஒயரை நேரா முக்கிடுவாங்களா?

முக்கினா செல் செத்துடும். உலோகம் உப்புத் தண்ணில இருக்கும்போது டிசி கரன்ட் விட்டா ஒரு பக்கம் அமிலம், ஒரு பக்கம் காரம், கூடவே குளோரின், உலோக அயனி எல்லாம் வரும். அதனால எலக்ட்ரோடை வேற பீக்கர்ல வெச்சு, அங்கிருந்து செல் இருக்கிற இடத்துக்கு அகார் ஜெல் நிரப்பின வளைஞ்ச கண்ணாடிக் குழாய் போடுவாங்க. கரன்ட் அந்த ஜெல் வழியா வரும், அழுக்கு அந்தப் பக்கமே தங்கிடும்.

செல் ஒட்டியிருக்கிற அறையும் சாதாரண டிஷ் இல்ல, ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல ஒரு மெல்லிசான சந்துதான். சந்து குறுகலா இருந்தாத்தான் கொஞ்சூண்டு கரன்ட்லயே வேணும்கிற புலம் கிடைக்கும், சூடும் ஏறாது. மேல மைக்ரோஸ்கோப் வெச்சு கொஞ்ச நிமிஷத்துக்கு ஒரு போட்டோன்னு மணிக்கணக்கா எடுப்பாங்க. ஓட்டிப் பாத்தா, முதல்ல கன்னாபின்னான்னு அலையுற செல்லுங்க கரன்ட் போட்ட கொஞ்ச நேரத்துல ஒரே பக்கமா கிளம்பும், ப்ளஸ் மைனஸை மாத்திப் போட்டா நின்னு, யோசிச்ச மாதிரி இருந்துட்டு, அப்படியே யு டர்ன் அடிக்கும். வேகம்னு பாத்தா மணிக்கு சில பத்து மைக்ரோமீட்டர்தான். மணிக்கு 50ன்னே வெச்சுக்கிட்டாலும் ஒரு சென்டிமீட்டர் போக 200 மணி நேரம், எட்டு நாளுக்கு மேல ஆகும்.

எல்லா செல்லும் நெகட்டிவ் பக்கம்தான் போகுமா?

இல்ல, இதுதான் தலைவலி. டொரன்டோல மோர்ஸ்ஹெட், பொபொவிச் குழு 2011ல சுண்டெலியோட நியூரல் ப்ரிகர்சர் செல்லுக்கு (ஸ்டெம் செல்லும், அதுலருந்து வந்து இன்னும் முழுசா மாறாத செல்லும்) மில்லிமீட்டருக்கு 250 மில்லிவோல்ட் குடுத்தப்போ வேகமா கேத்தோடு பக்கம் போச்சு, ஆனா அதே செல் முழுசா மாறி முடிஞ்ச பிறகு குடுத்தா அசையவே இல்ல. மனுஷக் கருவுலருந்து எடுத்த ஸ்டெம் செல் கேத்தோடு பக்கம், தோல் செல்லை ரீப்ரோகிராம் பண்ணி எடுக்கிற ஐபிஎஸ் செல் ஆனோடு, அதாவது பாசிட்டிவ் பக்கம்னு இன்னொரு முடிவு. புற நரம்புல மயலின் சுத்துற ஷ்வான் செல்லும் ஆனோடு பக்கம் போறதைப் பாத்திருக்காங்க. ஆஸ்ட்ரோசைட் இன்னும் வினோதம், எந்தப் பக்கமும் போகாம புலத்துக்குக் குறுக்கா திரும்பிப் படுத்துக்கும். மூளைக்குள்ள இதெல்லாம் கலந்து கிடக்கு, நாம ஒரே ஒரு கரன்டுதான் விடப் போறோம்.

உயிரோட இருக்கிற மூளைல யாராவது பண்ணிப் பாத்திருக்காங்களா?

பாத்திருக்காங்க, எலில. இதுல எனக்கு ரொம்ப நேர்மையா வடிவமைச்ச சோதனைன்னு தோணுறது 2017ல கலிஃபோர்னியா டேவிஸ்ல இருக்கிற மின் ஜாவோவும் ஷாங்காய் ரென்ஜி ஆஸ்பத்திரி நியூரோசர்ஜன் ஜுன்ஃபெங் ஃபெங்கும் சேர்ந்து பண்ணது. மனுஷ நியூரல் ஸ்டெம் செல்லை எலி மூளைல, மேல சொன்ன வாசனைப் பாதைக்கு நடுவுலயே வெச்சாங்க. சும்மா விட்டா அந்த செல் இயற்கையாவே முன்பக்கம் போகும், அது எதிர்பாத்ததுதான். இவங்க எலக்ட்ரோடை வெச்சு அதை எதிர்த்திசைல, வென்ட்ரிக்கிள் சுவர் பக்கமா, பின்னாடி இழுத்தாங்க. போக வேண்டிய திசைக்கே போக வெச்சிருந்தா "தானா போயிருக்கும்"னு யார் வேணா சொல்லலாம், எதிர் நீச்சல் போட வெச்சதாலதான் அந்த வாதம் எடுபடல. மூணு வாரம் கழிச்சும் நாலு மாசம் கழிச்சும் பாத்தப்போ செல்லுங்க அந்தப் பக்கம் இருந்துச்சு, உயிரோட இருந்துச்சு, மாறவும் ஆரம்பிச்சிருந்துச்சு.

ஆனா கவனிங்க, அந்த எலிக்கு எந்த நோயும் இல்ல, எதுவும் குணமாகல. "நகர்த்த முடியுமா"ங்கிற ஒரே கேள்விக்கு "முடியும்"னு பதில் கிடைச்சுது, அவ்வளவுதான். செய்தில தலைப்பு மட்டும் மூளை ரிப்பேர்னு வந்துச்சு.

நகர்ந்தா போதுமா? போய் சேர்ந்த செல் வேலை செய்யணுமே?

சரியான கேள்வி. போன செல் நியூரானா மாறணும், பக்கத்து நியூரானோட கனெக்ஷன் போடணும், அதுவும் சரியான ஆளோட. இதுல கரன்டோட பங்கு வேற மாதிரி. 1997ல கிறிஸ்டின் ஷ்மிட், ராபர்ட் லாங்கர் குழு பாலிபிரோல்னு கரன்ட் கடத்துற பிளாஸ்டிக் மேல நரம்பு மாதிரி செல்லை வளத்து கரன்ட் விட்டப்போ இழைங்க கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு நீளம் வளந்துச்சு. அதே பிளாஸ்டிக்கை ஸ்டான்ஃபோர்டுல பால் ஜார்ஜ் குழு எடுத்து, மனுஷ நியூரல் ப்ரொஜெனிட்டர் செல்லுக்கு (ஸ்டெம் செல்லுலருந்து வந்து இன்னும் முழுசா மாறாத செல்) முன்கூட்டியே கரன்ட் குடுத்துட்டு அப்புறம் பக்கவாதம் வந்த எலி மூளைல வெச்சாங்க, 2017ல. கரன்ட் குடுத்த செல் வாங்கின எலிங்க நல்லா தேறுச்சு. 2022ல ஒரு படி மேல போய், வெச்ச பிறகும் உள்ளயே கரன்ட் குடுக்கிற ஏற்பாடு பண்ணிப் பாத்தாங்க, அதுலயும் முன்னேற்றம்.

இங்க சுவாரசியம் என்னன்னா, அந்த செல் போய் செத்த நியூரானுக்குப் பதிலா உக்காந்துச்சுன்னு யாரும் சொல்லல. செல் வெளியிடுற புரோட்டீன்தான் முக்கியம், அதுல ஒண்ணு ரத்தக்குழாய் வளர்ச்சியத் தூண்டுற விஈஜிஎஃப்-ஏ. கரன்ட் குடுத்தா அந்த வெளியீடு மாறுது, அதனால எலியோட சொந்த மூளையே தன்னை சரி பண்ணிக்கிற வேலை சூடு புடிக்குது. என்னைக் கேட்டா ஆஸ்பத்திரிக்கு முதல்ல வர வாய்ப்பு இருக்கிறது நகர்த்துற வித்தை இல்ல, இதுதான்.

தண்டுவடத்துல மனுஷங்களுக்கே கரன்ட் வெச்சாங்களாமே?

ஆமா, ஆனா ஸ்டெம் செல் இல்லாம. அமெரிக்காவுல பர்டூ யுனிவர்சிட்டி ரிச்சர்ட் போர்ஜென்ஸ் ஒரு ஐடியா வெச்சிருந்தாரு: நரம்பு இழை கேத்தோடு பக்கம் சீக்கிரம் வளர ஆரம்பிக்கும், ஆனோடு பக்கம் இருக்கிறது சுருங்க கொஞ்சம் லேட்டாகும், அப்போ சுருங்கறதுக்கு முன்னாடியே 15 நிமிஷத்துக்கு ஒருக்க திசைய மாத்திக்கிட்டே இருந்தா ரெண்டு பக்கமும் வளரும்ல. நாய்ங்க கிட்ட பாத்துட்டு, புதுசா அடிபட்ட 10 பேருக்கு வெச்சு 15 வாரம் கழிச்சு எடுத்தாங்க, முடிவு 2005ல வெளிவந்துச்சு. பாதுகாப்பா இருந்துச்சு, தொடு உணர்ச்சில கொஞ்சம் முன்னேற்றம் தெரிஞ்சுது. ஆனா ஒப்பிட்டுப் பாக்க கரன்ட் வெக்காத குழு இல்ல, அடிபட்ட புதுசுல சிலருக்குத் தானாவே கொஞ்சம் திரும்பும், அதனால இதை வெச்சு அடிச்சு சொல்ல முடியாது.

2025ல நியூசிலாந்து ஆக்லாந்து யுனிவர்சிட்டியும் ஸ்வீடன் சால்மர்ஸும் சேர்ந்து, தண்டுவடத்து மேலயே படியற மெல்லிசான இம்ப்ளான்ட்ல தினமும் கரன்ட் குடுத்து எலிங்களை 12 வாரம் பாத்தாங்க. நாலு வாரத்துக்கு மேல நடையும் தொடு உணர்ச்சியும் கரன்ட் குடுக்காத எலிங்களைவிட நல்லா இருந்துச்சு. இதுவும் இழைகளையும் உள்ள இருக்கிற செல்லையும் நம்பித்தான், வெளியிலருந்து ஸ்டெம் செல் போடல.

சுவிட்சர்லாந்துல கரன்ட் வெச்சு நடந்தாங்களே, அது இதுதானா?

இல்லீங்க, ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க. லோசான்ல கூர்ட்டின் குழு பண்றது, அடிபட்டும் மிச்சம் இருக்கிற நரம்புப் பாதைய தண்டுவடத்து மேல எலக்ட்ரோட் வெச்சுத் தட்டி எழுப்பறது. செல் எதுவும் நகர வேண்டாம், அதனால சிலருக்கு கரன்ட் போட்ட அன்னிக்கே கால் அசையும்.

ஜப்பான்ல ஸ்டெம் செல் போட்டு ஒருத்தர் எழுந்து நின்னாரே?

கேயோ யுனிவர்சிட்டி. ஐபிஎஸ் செல்லுலருந்து எடுத்த நியூரல் ப்ரொஜெனிட்டரை 2021லருந்து நாலு பேருக்கு, ஆளுக்கு 20 லட்சம் செல், தண்டுவடத்துல போட்டாங்க. 2025ல சொன்ன முடிவுப்படி ரெண்டு பேருக்கு முன்னேற்றம், ஒருத்தர் தானா நின்னு நடக்கப் பழகுறாரு. அதுல கரன்ட் கிடையாது. நாலு பேர்ங்கிறது பாதுகாப்பைப் பாக்கத்தான் போதும், பலன் இதனாலதான்னு சொல்லப் போதாது, அவங்களே அப்படித்தான் சொல்றாங்க.

எலில இவ்வளவு நடக்குது, அப்புறம் ஏன் நமக்கு வரல?

கணக்கு போட்டுப் பாத்தாலே புரியும். மூளைத் திசுல மில்லிமீட்டருக்கு 100 மில்லிவோல்ட் புலம் வேணும்னா ஒரு சதுர சென்டிமீட்டருக்கு சுமாரா 3 மில்லிஆம்பியர் ஓடணும். லேப் சந்தோட குறுக்குவெட்டே ஒரு சதுர மில்லிமீட்டர் அளவுதான், அதனால கவலையில்ல. எலி மூளை ரெண்டு கிராம், அங்கயும் சமாளிக்கலாம். நம்ம மூளை 1,300 கிராமுக்கு மேல, செல்லை 5 சென்டிமீட்டர் கொண்டு போகணும்னா அந்தத் தூரத்துக்கே 5 வோல்ட் வேணும், தண்ணி பிரிய ஆரம்பிக்க 1.23 வோல்ட் போதும். மேல சொன்ன அமிலம், குளோரின் கதையெல்லாம் மண்டைக்குள்ள நடக்கும், அங்க அகார் குழாய் வெக்க முடியாது. அதுக்குத்தான் போன சார்ஜை உடனே திருப்பி எடுக்கிற பல்ஸு, பெடாட் மாதிரி பாலிமர் பூசின எலக்ட்ரோடுன்னு வேலை நடக்குது. ஆனா சமமா முன்னும் பின்னும் தள்ளுனா செல் எங்க போறதுன்னு குழம்பும், அதனால ஒரு பக்கம் பலமா கொஞ்ச நேரம், மறுபக்கம் லேசா ரொம்ப நேரம்னு பல்ஸை அமைக்கிறாங்க. டொரன்டோ குழு இந்த வகை பல்ஸ்லயும் செல் நகருதுன்னு காட்டியிருக்கு.

அது போக, ஏற்கனவே ஒழுங்கா வேலை செய்ற நியூரான்கள் மில்லிமீட்டருக்கு 1 மில்லிவோல்டுக்கே கொஞ்சம் அசைஞ்சு குடுக்கும், அதைப் போல நூறு மடங்கு புலத்தை நாள்கணக்கா வெச்சா அதுங்க பாடு என்ன ஆகும்? பழைய காயத்துல தழும்பு இருக்கும், அதைத் தாண்டணும். பிரியற செல்லு நிக்காம பிரிஞ்சா கட்டி. வெளியாள் செல்லுன்னா நோய் எதிர்ப்பை அடக்கற மருந்து வேற. எப்ப வரும்னு வருஷம் கேக்காதீங்க, நேர்மையா யாராலயும் சொல்ல முடியாது.

பிசியோல கரன்ட் வெக்கிறாங்களே, அதுல ஸ்டெம் செல் தூண்டப்படுமா?

அது தசைய சுருக்கி விரிக்க, இல்ல வலி குறைக்க. ஸ்டெம் செல்லுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல, ஆனா வீண் இல்ல, டாக்டர் சொன்னா பண்ணுங்க. கை கால் நரம்புல மட்டும் ஒரு நல்ல சேதி உண்டு. டெஸ்ஸா கோர்டன் குழு 2000ல எலில, வெட்டித் தெச்ச நரம்புக்கு நொடிக்கு 20 துடிப்புன்னு ஒரே ஒரு மணி நேரம் கரன்ட் குடுத்தா வளர்ச்சி சீக்கிரம் கிளம்புதுன்னு காட்டுனாங்க, 2010ல மணிக்கட்டு கார்பல் டனல் ஆபரேஷன் முடிஞ்ச நோயாளிங்க கிட்டயும் அதே மாதிரி பலன் வந்துச்சு. இந்த மொத்த ஏரியாலயே மனுஷங்க கிட்ட நிரூபணம் கூடுதலா இருக்கிறது இங்கதான், ஏனோ இது மட்டும் ஃபார்வர்டுல வர்றதில்ல.

சில இடத்துல பல லட்சம் வாங்கிக்கிட்டு ஸ்டெம் செல் பிளஸ் கரன்ட் பேக்கேஜ் தர்றாங்க, போகலாமா?

வேண்டாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், அதான் ஐசிஎம்ஆரோட 2017 வழிகாட்டுதல்படி ரத்த நோய்களுக்குப் பண்ற எலும்பு மஜ்ஜை மாதிரி மாற்று சிகிச்சை தவிர மத்த ஸ்டெம் செல் எல்லாமே ஆராய்ச்சிதான், முறையான கிளினிக்கல் ட்ரயலுக்கு வெளிய குடுக்கக் கூடாது. ட்ரயல்னா சிடிஆர்ஐங்கிற இந்திய கிளினிக்கல் ட்ரயல் பதிவேட்டுல பதிவு நம்பர் இருக்கும், கேளுங்க, நெட்ல போட்டாலே வந்துடும். ட்ரயல்ல சேர்றவங்க கிட்ட காசு கேக்கிறதே தப்பு. பேக்கேஜ் விலை, தவணை வசதின்னு பேச்சு ஆரம்பிச்சாலே தெரிஞ்சுக்கலாம்.

அப்போ இப்ப அடிபட்டவங்க என்னதான் பண்றது?

மறுவாழ்வு சிகிச்சைய சீக்கிரம் ஆரம்பிக்கிறது. புண் வராம ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்க புரட்டிப் போடறது, சிறுநீர்ப்பையை முறையா பாத்துக்கிறது, மூட்டு இறுகாம அசைச்சு விடறது. நாளைக்கே நல்ல சிகிச்சை வந்தாலும் படுக்கைப்புண்ணும் கிட்னி இன்ஃபெக்ஷனும் இருக்கிறவங்களை எந்த ட்ரயல்லயும் எடுக்க மாட்டாங்க. வேலூர் சிஎம்சிக்கு பாகாயத்துல 1966லருந்து இதுக்குன்னே மையம் இருக்கு, அது உருவாகக் காரணமா இருந்த டாக்டர் மேரி வர்கீஸ் தானே விபத்துல இடுப்புக்குக் கீழ செயலிழந்து, வீல்சேர்ல உக்காந்தபடியே ஆபரேஷன் பண்ணவங்க.

ஆன்லைன்ல தலைல மாட்டுற கரன்ட் கருவி விக்குதே, இல்ல 9 வோல்ட் பேட்டரி வெச்சு நாமளே செஞ்சா?

தலைக்கு மேல 2 மில்லிஆம்பியர் விட்டா மண்டையோட்டைத் தாண்டி மூளைக்குள்ள வர்றது மில்லிமீட்டருக்கு 1 மில்லிவோல்டுக்கும் கீழ. டிஷ்ல செல்லை நகர்த்தக் குடுத்தது 100, 250. எலில தலைக்கு மேல கரன்ட் குடுத்து ஸ்டெம் செல் கூடுச்சுன்னு 2012ல ஜெர்மனிலருந்து ஒரு பேப்பர் இருக்கு, ஆனா எலியோட மண்டையோடு எவ்வளவு மெல்லிசு, அதுக்குக் குடுத்த கரன்ட் அதோட சைஸுக்கு எவ்வளவு பெருசுன்னு சேர்த்துப் பாக்கணும். பேட்டரியும் ஒயரும் வெச்சு வீட்ல செஞ்சா ஸ்டெம் செல் நகராது, எலக்ட்ரோட் வெச்ச இடத்துல தோல் வெந்துபோகும், அது மட்டும் கியாரண்டி.